மனைவி என்க

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். கல்யாணமே பொய்யாக இருந்தால்?

சரித்திரக் காதல் நாவல்கள் படிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு அத்துப்படி. சொத்துக்காகவோ மானத்துக்காகவோ ஒரு பெண்ணும் ஆணும் ஊர் முன்னால் கணவன் மனைவியாக நடிப்பார்கள். ஒரே கட்டில் போட்ட சத்திரத்து அறையில் மழைநாளில் மாட்டிக்கொள்வார்கள். இருநூறாம் பக்கம் தாண்டுவதற்குள் நடிப்பு நிஜமாகிவிடும். நம் பக்கத்திலும் 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினியும் சாவித்திரியும் ஒரு வாத்தியார் வேலைக்காக இதைத்தான் செய்தார்கள். படிக்கிறவர்கள், பார்க்கிறவர்கள் யாரும் இதைக் கதை என்பதற்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ரஷ்யாவில் ஒரு தலைமுறை எடுத்துக்கொண்டது. ஒரு நாவலில் வந்த ஒப்புக்குக் கல்யாணத்தைப் பார்த்து, நிஜமான பெண்கள் நிஜமான ஆண்களை ஒப்புக்குக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்பியவர்களில் ஒருத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவரானாள். எதிர்ப்பக்கம் நின்ற 'மாப்பிள்ளை'யும் லேசுப்பட்டவர் அல்ல. குதிரையின் காலைப் பார்த்து அதன் பூர்வீகத்தைச் சொன்னவர்.

நாவலின் பெயர் 'என்ன செய்ய வேண்டும்?' தமிழ்நாட்டில் இந்தத் தலைப்பைச் சொன்னால் லெனின்தான் நினைவுக்கு வருவார். அவர் 1902இல் தன் நூலுக்கு வைத்த பெயரே இந்த நாவலிடம் வாங்கியதுதான். எழுதியவர் நிக்கலாய் செர்னிஷெவ்ஸ்கி. 1862இல் கைதாகி, பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர் பால் கோட்டைச் சிறையில் இருந்தபடி எழுதினார். தணிக்கை அதிகாரிகள் எப்படி விட்டார்கள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், சிறையிலிருந்து தப்பி வந்த அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பத்திரிகை ஆசிரியரான கவிஞர் நெக்ராசோவ் 1863 பிப்ரவரியில் நடுத்தெருவில் தொலைத்தது. வண்டியிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. கண்டெடுத்துக் கொடுப்பவருக்கு ஐம்பது ரூபிள் தருவதாக நகரக் காவல்துறையின் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அரசாங்கம் உள்ளே வைத்திருக்கும் ஆள் எழுதியதைத் தேட அரசாங்கத்தின் பேப்பரிலேயே விளம்பரம்! ஓர் ஏழைக் குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தார்.

கதை இதுதான். வேரா பாவ்லோவ்னாவை வீட்டுக்காரரின் பணக்கார மகனுக்குக் கட்டிவைத்துவிட அவள் அம்மா துடிக்கிறாள். தம்பிக்குப் பாடம் சொல்லித்தர வரும் மருத்துவ மாணவன் லொபுகோவ், அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர ஒரே வழி தானே தாலி கட்டுவது என்று கண்டு, படிப்பு முடிகிற நேரத்தில் அதை விட்டுவிட்டு அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். குடித்தனம் வைத்த வீட்டில் அவனுக்கு ஓர் அறை, அவளுக்கு ஓர் அறை, நடுவே பொதுவாக ஓர் அறை. டீ குடிப்பதும் பேசுவதும் பொது அறையில். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் கேட்காமல் நுழையக் கூடாது. நாவலாகப் பார்த்தால் சுமார் ரகம்; பாத்திரங்கள் பிரசங்கம் செய்துகொண்டே இருப்பார்கள். ஆனால் அந்தப் பொது அறை ரஷ்ய வாலிபர்களின் மண்டைக்குள் ஒரு வரைபடமாகப் பதிந்துவிட்டது.

ஏன் பதிந்தது என்றால், சட்டம் அப்படி. அன்றைய ரஷ்யாவில் ஊர்விட்டு ஊர் போகவே பாஸ்போர்ட் வேண்டும். கல்யாணமாகாத பெண் அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி. கல்யாணமானவள் கணவனின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி. தனக்கென்று ஒன்று வாங்க அவர்கள் சம்மதிக்க வேண்டும். 1863இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்தோடு பெண்களுக்கு வகுப்பறைக் கதவும் சாத்தியது. படிக்க வேண்டுமென்றால் சூரிச்சுக்கோ ஹைடல்பர்குக்கோ போக வேண்டும், போக அப்பா விட வேண்டும், அப்பா விடமாட்டார். கணவன் என்பவன் விட்டால் போதும். ஆகவே, விடுவதற்கென்றே ஒரு கணவன்! தேவாலயத்தில் பாதிரியார் முன் உண்மையாகவே மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். பதிவேட்டில் கையெழுத்து விழும். சட்டத்தின் கண்ணில் அப்பழுக்கில்லாத கல்யாணம். வெளியே வந்ததும் அவரவர் வழி.

பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு சொல் வரும். ஆப்பிளின் விலை தெரியாது. 'X என்க' என்று ஆரம்பிப்போம். இருப்பது மாதிரி வைத்துக்கொண்டு கணக்கை நடத்தினால் விடை வந்துவிடும். வீட்டைவிட்டு வெளியேற அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சூத்திரமும் அதுவே: மனைவி என்க.

தொடக்கத்தில் சொன்ன கணித மேதை இவள்தான்: சோஃபியா. 1850இல் மாஸ்கோவில் பிறந்தாள். அப்பா கொர்வின்-க்ருகோவ்ஸ்கி பீரங்கிப் படை ஜெனரல். ஓய்வுபெற்றதும் பலிபினோ என்ற கிராமத்துப் பண்ணைக்குக் குடும்பத்தோடு போனார். மாளிகைச் சுவர்களுக்கு ஒட்ட பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வண்ணக் காகிதம் வரவழைத்தார்கள். குழந்தைகள் அறைக்கு வரும்போது காகிதம் தீர்ந்துபோயிற்று. இன்னும் ஒரு சுருளுக்காக யார் அத்தனை தூரம் ஆளனுப்புவது? பரணில் கிடந்த பழைய தாள்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவை, அப்பா வாலிபத்தில் வாங்கி வைத்திருந்த ஒஸ்த்ரோகிராத்ஸ்கியின் நுண்கணித விரிவுரைகள். சுவரெல்லாம் வகைக்கெழு, தொகையீடு, எல்லை. அந்தச் சிறுமி மணிக்கணக்காக அதன் முன் நின்று எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் என்று தேடிக்கொண்டிருப்பாள். ஒன்றும் புரியாது. ஆனால் உருவங்கள் மனத்தில் தங்கிவிட்டன. பதினைந்து வயதில் முறையாக நுண்கணிதம் படிக்கப் போனபோது, ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது போல அவள் பிடித்துக்கொண்டதைக் கண்டு ஆசிரியர் திகைத்தாராம்.

பக்கத்துப் பண்ணைக்காரரான பேராசிரியர் திர்த்தவ், தான் எழுதிய இயற்பியல் புத்தகத்தை மரியாதைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒளியியல் அத்தியாயத்தில் 'சைன்' என்று வந்தது. அது என்ன என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. சின்னக் கோணங்களில் சைனுக்குப் பதில் வட்டத்தின் நாணைப் போட்டுப் பார்த்தாள்; கணக்கு ஒத்துவந்தது. வரலாற்றில் சைன் பிறந்ததும் அப்படித்தான். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்ற வடமொழிச் சொற்கள் அரபி வழியாக லத்தீனுக்குப் போய் உருமாறியதுதான் 'சைனஸ்'. நம் வானியலாளர்கள் நூற்றாண்டுகள் எடுத்து நடந்த வழியை ஒரு ரஷ்யச் சிறுமி புத்தகத்தில் பல்லில் சிக்கிய ஒரு சொல்லைத் துப்பப் பார்த்தே நடந்துவிட்டாள்.

அக்கா அன்யூத்தா அவளைவிட ஆறேழு வயது மூத்தவள். எழுத்தாளராக ஆசைப்பட்டு அப்பாவுக்குத் தெரியாமல் கதை எழுதி தஸ்தயேவ்ஸ்கியின் பத்திரிகையில் வெளியிட்டவள். அவரே கேட்டும் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள மறுத்தவள். அவளும் அவள் கூட்டாளிகளும் போட்ட திட்டத்தில், அன்யூத்தாவுக்கு ஒரு ஒப்புக்கு மாப்பிள்ளை தேடுவது, தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளிநாடு போவது என்றுதான் இருந்தது. மாப்பிள்ளையாகக் கிடைத்தவர் விளாதிமிர் கோவலெவ்ஸ்கி. 26 வயது. சட்டம் படித்தவர், தொழில் பதிப்பாளர். டார்வின், வளர்ப்புப் பிராணிகளின் மாறுபாடு பற்றி எழுதிய புத்தகத்தின் அச்சுப்படிகளை வாங்கி, ஆங்கில மூலம் கடைக்கு வருமுன்பே ரஷ்ய மொழியில் பகுதி பகுதியாக வெளியிட ஆரம்பித்துவிட்டவர். பெண் பார்க்க வந்த இடத்தில் இவர் செய்த காரியம் திட்டத்தைக் குட்டையாகக் குழப்பியது. கட்டுவதானால் தங்கையைத்தான் கட்டுவேன் என்றார்.

பெரியவள் இருக்கச் சின்னவளுக்குக் கல்யாணமா என்று ஜெனரல் முரண்டு பிடித்தார். அடுத்து நடந்ததை, பிற்காலத்தில் சோஃபியாவின் வாழ்க்கையை எழுதிய அன்னா ஷார்லெட் லெஃப்லர் சொல்கிறார். வீட்டில் விருந்து நடக்கிற மாலை. விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். சோஃபியாவைக் காணோம், ஒரு சீட்டு மட்டும் இருந்தது. நான் விளாதிமிரின் அறையில் இருக்கிறேன், எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதியுங்கள். ஜெனரல் நேரே போய் இருவரையும் அழைத்து வந்து, மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மகளின் நிச்சயதார்த்தம் என்று அறிவித்தாராம். மானம் என்ற ஆயுதத்தைப் பெற்றோரிடமிருந்தே பிடுங்கி அவர்கள் பக்கம் திருப்பிய சாமர்த்தியம் எந்தக் காதல் நாவலாசிரியருக்கும் பொறாமையைத் தரும். 1868 செப்டம்பரில் பலிபினோவில் கல்யாணம். பெண்ணுக்கு 18.

இதில் ஒரு வேடிக்கை. கல்யாணமானதும் அவர்கள் பீட்டர்ஸ்பர்க்கில் பழகிய வட்டத்தில் மரியா போக்கவா இருந்தாள். போக்கவ் என்ற மருத்துவரை வீட்டிலிருந்து விடுபடுவதற்காகக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு அவர் சம்மதத்தோடு உடலியல் அறிஞர் செச்செனோவுடன் வாழ்ந்தவள். பின்னாளில் தானும் மருத்துவரானவள். செர்னிஷெவ்ஸ்கியின் வேராவும் லொபுகோவை விட்டு அவன் நண்பனிடம்தான் போகிறாள், மருத்துவம்தான் படிக்கிறாள். இவர்களைப் பார்த்து நாவல் எழுதப்பட்டதா, நாவலைப் பார்த்து இவர்கள் வாழ்ந்தார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சோஃபியா அந்தச் செச்செனோவின் வகுப்புகளில்தான் திருட்டுத்தனமாக உட்கார்ந்து கேட்டாள்.

1869 வசந்தத்தில் ஹைடல்பர்க். ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கி ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்ஹாஃப் போன்றவர்களின் வகுப்புகளுக்குப் போனாள். தோழி யூலியா லெர்மோன்தவாவும் வந்து சேர்ந்தாள். என் சோதனைச்சாலைக்குள் பெண் வாடையே ஆகாது என்றிருந்த வேதியியல் பேராசிரியர் புன்சனிடம் போய்ப் பேசி யூலியாவுக்கு இடம் வாங்கித் தந்தவள் சோஃபியாதான். சோஃபியா, விளாதிமிர், யூலியா மூவரும் ஒரே வீட்டில் இருந்த அந்த முதல் சில மாதங்களில் சோஃபியா இருந்த சந்தோஷத்தைப் பிறகு எப்போதும் பார்க்கவில்லை என்று யூலியா நினைவுகூர்ந்திருக்கிறார்.

அக்காவும் இன்னொரு தோழி ஷான்னாவும் வந்தார்கள். வீட்டில் இடநெருக்கடி. அதோடு ஒரு புது நெருக்கடியும். கணவன் மனைவி கொஞ்சம் சிரித்துப் பேசினால் இவர்கள் முகம் சுளித்தார்கள். ஒப்புக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு நெருக்கம் காட்டலாமா? கொள்கை என்ன ஆயிற்று? விளாதிமிர் வேறு அறை பார்த்துக்கொண்டு போனார். பிறகு வேறு ஊருக்கே போனார்.

இந்த இடத்தில்தான் நிஜம் நாவலை மிஞ்சுகிறது என்று எனக்குத் தோன்றும். கதைகளில் போலித் தம்பதிக்கு ஒரே ஒரு பார்வையாளர் கூட்டம்: ஊர். ஊர் முன்னால் ஒட்டிக்கொண்டு நடித்தால் போதும், அறைக்கதவைச் சாத்தியதும் விலகிக்கொள்ளலாம். இவர்களுக்கு இரண்டு கூட்டம். அப்பாவுக்கும் அரசாங்கத்துக்கும் முன்னால் கல்யாணம் ஆனவர்களாக நடிக்க வேண்டும். தோழர்களுக்கு முன்னால் ஆகாதவர்களாக நடிக்க வேண்டும். எது வேஷம்? அவர்களுக்கே விளங்கியதா என்பது சந்தேகம்தான். விளாதிமிர் பிரிந்திருந்தபோது சோஃபியா அவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்து, அங்கே அழைத்துப் போ, இந்தப் புத்தகம் வாங்கி வா என்று படுத்துவாள் என லெஃப்லர் எழுதுகிறார்.

வேஷம் ஆளை மாற்றுமா என்பதை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். புகழ்பெற்றது ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்டது. மாணவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உயிரை வாங்கும் வேலை கொடுத்தார்கள். தட்டில் நூல்கண்டுகளை அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு. பலகையில் முளைகளைக் கால்வட்டம் திருப்பு, மறுபடி திருப்பு. முடிந்ததும், வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளிடம் போய் வேலை ரொம்ப சுவாரசியம் என்று சொல்லச் சொன்னார்கள். இந்தப் பொய்க்குச் சிலருக்குக் கூலி 20 டாலர், சிலருக்கு 1 டாலர். பிறகு தனியாகக் கேட்டபோது 20 டாலர்க்காரர்கள் வேலை அறுவை என்றார்கள். 1 டாலர்க்காரர்கள் அவ்வளவு மோசமில்லை என்றார்கள். நல்ல கூலி வாங்கியவனுக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்று தெரியும். ஒரு டாலருக்கு யாராவது பொய் சொல்வார்களா? ஆக நாம் சொன்னது பொய்யாக இருக்காது என்று மனம் சமாதானம் தேடிக்கொள்கிறது.

போலிக் கல்யாணம் நிஜமாகிவிடும் என்று நாவல்கள் சொல்வதற்கு இது ஆதாரம் என்று பலர் நினைப்பார்கள். கோவலெவ்ஸ்கி விஷயத்தில் நான் இதைத் தலைகீழாகப் பொருத்திப் பார்ப்பேன். அப்பாவிடமும் போலீஸிடமும் சொன்ன பொய்க்குக் கூலி பெரிது: பாஸ்போர்ட், படிப்பு, ஹைடல்பர்க். அந்தப் பொய்யை நம்ப அவர்களுக்கு அவசியமே இல்லை. எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று தோழர்களிடம் சொன்ன பொய்க்கு ஒரு காசு லாபமில்லை. அதைத்தான் நம்பித் தொலைத்தார்கள். இது என் ஊகம்தான். செத்தவர்களைச் சோதனைச்சாலையில் உட்காரவைக்க முடியாது.

1870இல் பெர்லின். அங்கே பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவையே திறக்கவில்லை. கணிதப் பேராசிரியர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் வீட்டுக்கே போய் நின்றாள். தொப்பி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. கிழவர், ஆளைக் கழற்றிவிட, தேர்ந்த மாணவர்களுக்கு வைத்திருந்த கடினமான கணக்குகளைக் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தாள். முடித்த விதத்தில் புதுமை இருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகள் வாரம் இரண்டு நாள், ஞாயிறு அவர் வீட்டில், இன்னொரு நாள் அவள் வீட்டில், தான் பல்கலைக்கழகத்தில் நடத்திய அத்தனையையும் அவளுக்குத் தனியாகத் திரும்ப நடத்தினார். கணவர் என்று ஒருவர் எப்போதாவது வருகிறார், போகிறார், இது என்ன குடும்பம் என்று அவருக்குப் புரியவே இல்லை. சோஃபியா உண்மையைச் சொல்ல இரண்டு ஆண்டு ஆயிற்று.

1874இல் அவள் மூன்று ஆய்வுகளை முடித்திருந்தாள்; ஒன்றே டாக்டர் பட்டத்துக்குப் போதும் என்பது வையர்ஸ்ட்ராஸின் கணக்கு. கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவள் நேரில் வராமலே பட்டம் தந்தது. ஒன்று சனிக்கோளின் வளையங்களைப் பற்றியது. வளையத்தைக் குறுக்கே வெட்டினால் நீள்வட்டமாக இருக்கும் என்று லாப்லாஸ் வைத்துக்கொண்டார். இல்லை, முட்டை வடிவம் என்று காட்டினாள். வளையம் ஒற்றைப் பொருளே அல்ல, எண்ணற்ற துகள்களின் கூட்டம் என்று மேக்ஸ்வெல் ஏற்கெனவே சொல்லியிருந்தார் என்பதால் அந்த விடைக்கு வானத்தில் வேலையில்லாமல் போயிற்று.

இன்னொன்று இன்றைக்கும் கணிதத் துறைகளில் பாடம்: கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம். ஒரு கம்பியின் சூடு இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரமும் மாறும். இப்படிப் பல திசையில் ஒரே சமயம் மாறுகிறவற்றைப் பிடிக்கும் வலைதான் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. சமன்பாட்டை எழுதிவிடலாம், அதற்குத் தீர்வு என்று ஒன்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தொடக்க நிலையும் சமன்பாடும் அடுக்குத் தொடராக விரியக்கூடிய நல்ல ஜாதியாக இருந்து, சமன்பாட்டின் அமைப்பும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டால், தீர்வு உண்டு. அதுவும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆனால் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும். எட்டிப் போனால் உத்தரவாதம் கிடையாது. அந்த நிபந்தனை ஏன் வேண்டும் என்று காட்ட அவள் எடுத்தது அதே சூட்டுக் கம்பியைத்தான். அழகான தொடக்கத்தைக் கொடுத்துத் தொடரை விரித்தால், அது எங்குமே அடங்காமல் ஊதிப் பெருகி வெடித்துவிடுகிறது. வையர்ஸ்ட்ராஸே எதிர்பார்க்காத விஷயம் அது.

இதே ஆண்டுகளில் விளாதிமிர் என்ன செய்தார்? அவரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கணவன்மார்களை யாரும் கவனிப்பதில்லை. பதிப்பகத்தைக் கடனோடு விட்டுவிட்டு, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொல்லுயிர் எலும்புகளை அளந்துகொண்டிருந்தார். 1872இல் யேனாவில் டாக்டர் பட்டம். குளம்புப் பிராணிகளின் பாதத்தில் விரல்கள் காலப்போக்கில் குறைந்துவந்தது எல்லாருக்கும் தெரியும். அவர் மணிக்கட்டைப் பார்த்தார். சில பிராணிகளில் ஓரத்து விரல்கள் தேய்ந்தன, ஆனால் மிஞ்சிய விரல்கள் பழைய இடத்திலேயே நின்றன. தேய்ந்த விரல்கள் தாங்கிய எலும்புகள் அந்தரத்தில் தொங்கின. வேறு சிலவற்றில் மிஞ்சிய விரல்கள் அகன்று, போனவற்றின் பாரத்தையும் வாங்கிக்கொண்டன. முதல் வகை அற்றுப்போயிற்று. இரண்டாம் வகைதான் நம் தெருவில் போகும் மாடும் ஆடும். விரல் எத்தனை என்பதல்ல, பாரம் எதில் இறங்குகிறது என்பதே கேள்வி என்று டார்வின் கருத்தை எலும்பில் காட்டிய முதல் சிலரில் அவர் ஒருவர்.

ஆக, 1874இல் இரண்டு டாக்டர்கள் ரஷ்யா திரும்பினார்கள். அவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைக்கவே வழியில்லை. பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குக் கூட்டல் பெருக்கல் சொல்லித்தரலாம், அவ்வளவுதான். பெருக்கல் வாய்ப்பாட்டில் நான் கொஞ்சம் மட்டம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாளாம். 1875இல் அப்பா இறந்தார். யாருக்காக அந்தப் பொய் தொடங்கியதோ அவரே போய்விட்ட பிறகு, ஏழு ஆண்டு கழித்து, கல்யாணம் கல்யாணமாயிற்று. 1878 அக்டோபரில் மகள் பிறந்தாள்.

இருநூறாம் பக்கம் வந்துவிட்டது. நாவலாக இருந்தால் முடித்துவிடலாம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர்கள் ஒரே மூச்சில் சொன்னது தற்செயல் அல்ல. இந்தத் தம்பதி கல்யாணத்தை நிஜமாக்கிய கையோடு வீடு கட்டுகிற வியாபாரத்தில் இறங்கியது. பீட்டர்ஸ்பர்க்கில் வாடகைக்குக் கட்டிடங்கள், குளியல் விடுதி. எல்லாம் கடனில். கணிதமேதை வரவு செலவு போட்டுக் கொடுத்தும் கட்டிடம் நிற்கவில்லை, திவால். வையர்ஸ்ட்ராஸின் கடிதங்களுக்கு அவள் பதில்கூடப் போடாமல் இருந்த காலம் அது. 1880இல் ரஷ்ய அறிவியலாளர் மாநாட்டில் பேசக் கணிதவியலாளர் செபிஷேவ் அழைத்தபோதுதான் பெட்டியைத் திறந்து, ஆறு ஆண்டு தூங்கிய ஜெர்மன் ஆய்வை ஒரே இரவில் ரஷ்ய மொழிக்கு மாற்றிக்கொண்டு போனாள். விளாதிமிருக்கு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை வந்தது. ஆனால் அதற்குள் ஓர் எண்ணெய்க் கம்பெனி விவகாரத்தில் கழுத்துவரை மூழ்கியிருந்தார். இருவரும் பிரிந்தார்கள். 1883 ஏப்ரலில் குளோரோஃபாரத்தை முகர்ந்து அவர் உயிரை விட்டார்.

சோஃபியா அப்போது பாரிஸில். செய்தி கேட்டு அறையைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். நான்கு நாள் கழித்து நினைவிழந்தாள். பிறகு விழித்து, பென்சிலும் காகிதமும் கேட்டு, படுக்கையில் கணக்குப் போடத் தொடங்கினாள்.

அவள் இப்போது விதவை. கணவனைப் பிரிந்தவள் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கும் உலகம் விதவையிடம் கேட்பதில்லை. சட்டமும் அவளிடம் யாருடைய சம்மதச் சீட்டையும் கேட்காது. தானே தனக்கு அதிகாரி என்று ஒரு பெண் இருக்கக்கூடிய ஒரே கட்டம். வையர்ஸ்ட்ராஸின் பழைய மாணவர் மித்தாக்-லெஃப்லர் ஸ்டாக்ஹோமில் புதிதாக வந்த கல்லூரிக்கு அவளை அழைத்தார். 1884இல் பேராசிரியர் ஆனாள். 1889இல் அது ஆயுட்காலப் பதவியாயிற்று. பெண் பேராசிரியரா, என்ன கண்ணராவி என்று நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் எழுதினார். அவள் ஸ்வீடிஷ் மொழியைக் கற்று அந்த மொழியிலேயே வகுப்பெடுத்தாள்.

அங்கே அவள் செய்த பெரிய காரியம் பம்பரம் பற்றியது. சாட்டையைச் சுற்றி வீசிய பம்பரம் ஆணியில் நின்று சுழலும். சற்று நேரத்தில் தலை ஆடும். அந்த ஆட்டம் ஒரு கூம்பு வரையும். இந்த ஆட்டத்தை முழுசாகச் சமன்பாட்டில் தீர்க்க முடியுமா? புவியீர்ப்பு மையத்திலேயே பொருளைப் பிடித்து நிறுத்தினால் முடியும் என்று ஆய்லர் காட்டினார். பம்பரம் சீராகக் கடைந்ததாக, எடை அச்சிலேயே இருந்தால் முடியும் என்று லக்ராஞ்ச் காட்டினார். நம் தெருப் பம்பரம் அந்த ஜாதி. கோணல்மாணலான மற்றதெல்லாம்? நூறு ஆண்டு அசையவில்லை.

சோஃபியா ஒரு விசித்திரமான இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பம்பரத்தின் சமன்பாட்டில் காலம் இருக்கிறது. காலம் ஓர் எண். அது சாதாரண எண்ணாக இல்லாமல், –1இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொண்ட கலப்பெண்ணாக இருந்தால்? அப்படி ஒரு காலத்தில் யாரும் பம்பரம் விட்டதில்லை. கடிகாரத்தில் கற்பனை எண்ணுக்கு முள் இல்லை. இருந்தாலும், என்க. அந்த இல்லாத காலத்தின் தளத்தில் எந்தெந்தப் பம்பரத்தின் தீர்வு ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று தேடினாள். பழைய இரண்டும் வந்தன. கூடவே யாரும் பார்த்திராத ஒன்றும் வந்தது: இரண்டு அச்சுகளின் நிலைமத் திருப்புத்திறன் சமமாக, மூன்றாவது அதில் சரிபாதியாக, எடை ஒருபக்கம் சாய்ந்து இருக்கிற பம்பரம். அதன் ஆட்டத்தை நிஜக் காலத்தில் முழுசாகத் தீர்த்தும் காட்டினாள். பிரெஞ்சு அகாடமியின் போர்தன் பரிசுக்குக் கட்டுரைகளில் பெயர் எழுதக் கூடாது. ஒரு வாசகத்தை எழுதி, பெயரை ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். 1888இல் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, தரம் பார்த்து வியந்து, 3,000 பிராங்க் பரிசை 5,000 ஆக்கினார்கள். பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். கணவன் பெயரைக் கடன் வாங்கிக் கிளம்பியவளுக்குப் பெயரே இல்லாத கட்டுரைக்குப் பரிசு. அடுத்த ஆண்டு ரஷ்ய அகாடமி விதியை மாற்றி அவளைத் தொடர்பு உறுப்பினராக்கியது. வேலை மட்டும் தரவில்லை.

கணக்குக்கு நடுவே அவள் கதையும் எழுதினாள். அன்னா ஷார்லெட் லெஃப்லருடன் சேர்ந்து எழுதிய 'இன்பத்துக்கான போராட்டம்' என்பது ஒன்றல்ல, இரண்டு நாடகம். அதே பாத்திரங்கள். ஒன்றில் வாழ்க்கை நடந்த விதம். மற்றதில் அது நடந்திருக்கக்கூடிய விதம். 1891 பிப்ரவரி 10 அன்று, நுரையீரல் அழற்சியில், 41 வயதில் ஸ்டாக்ஹோமில் இறந்தாள். மேஜையில் செர்னிஷெவ்ஸ்கியைப் பற்றிய ஒரு நாவல் முடியாமல் கிடந்தது.

முடித்திருந்த இன்னொன்று அடுத்த ஆண்டு அச்சாயிற்று. அதன் நாயகி பெயரும் வேராதான். பிரபுக் குடும்பத்துப் பெண். அரசியல் வழக்கில் தண்டனை பெற்ற, அவளுக்கு அறிமுகமே இல்லாத பாவ்லென்கவ் என்ற கைதி. அவன் ஒற்றைக்கட்டையாக இருந்தால் கோட்டைச் சிறையின் நிலவறையில் செத்துப்போவான். மனைவி இருந்தால் சைபீரியாவுக்கு அனுப்புவார்கள், அவளும் பின்னால் போகலாம். ஓடியாடி அனுமதி வாங்கிச் சிறைக்குள்ளேயே வேரா அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கடைசிக் காட்சி ரயில் நிலையம். சைபீரியாவுக்குக் கிளம்பும் அவளை வழியனுப்ப வந்த தோழிதான் அழுகிறாள். வேரா அழவில்லை, இங்கேயே தங்கிவிடப் போகிறவர்களை நினைத்தால்தான் தனக்குப் பாவமாக இருக்கிறது என்கிறாள்.